கெத்துக்கு மாட்டிய ஸ்டெப்னி

போன ஞாயிற்றுக்கிழமை என் ஜீப் நின்றுவிட்டது.

சிரிக்காதீர்கள். என் ஜீப்பை உங்களில் பலருக்குத் தெரியும். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு அதன் சத்தம் மனப்பாடம். பச்சை நிறம், டீசல், ஃபோர் வீல் டிரைவ். மர்பி டவுன் சந்துக்குள் நான் அதை ஓட்டிக்கொண்டு வந்தால் சைக்கிள்காரர்கள் தாங்களாகவே சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார்கள். மரியாதை! ...சரி, சந்தும் கொஞ்சம் குறுகல்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாலாங் கிளாஸ். சிமென்ட் சட்டி தூக்கி, சென்ட்ரிங் பலகை அடித்து, மேஸ்திரி ஆகி, பிறகு கான்ட்ராக்டர் ஆனவன். இந்திரா நகரில் நீங்கள் அண்ணாந்து பார்க்கிற வீடுகளில் பல, என் கை பட்டு எழுந்தவை. 'உங்களுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?' என்று சிலர் கேட்கிறார்கள். நானேதான். கமா, புள்ளி மட்டும் பத்திரிகை ஆபீஸில் போட்டுக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் கவிதா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் அருண் என்று ஒரு பையன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பையன் தங்கம். குடும்பமும் தங்கம். ஒரே ஒரு சிக்கல் - பையனின் அப்பா வரதராஜன் சார்.

மல்லேஸ்வரத்தில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற தமிழ்க் குடும்பம். நீர்ப்பாசன இலாகாவில் என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு என்பது அவரிடம் ரேஷன். காபி குடிக்கும்போதுகூட தம்ளர் சத்தம் வராது.

நான் நேரில் போனேன். "சார், கல்யாணத்துக்கு அரண்மனை மாதிரி மண்டபம் பிடிச்சுடறேன்" என்றேன்.

"பார்க்கலாம் சார்."

"குதிரை மேல மாப்பிள்ளை ஊர்வலம்!"

"பார்க்கலாம் சார்."

"என் வீட்டு மேலயே மாப்பிள்ளைக்குத் தனியா ஒரு மாடி எழுப்பித் தர்றேன். மார்பிள் தரை!"

காபி தம்ளரைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் அது முதன்முதலாகச் சத்தம் போட்டது. "பார்க்கலாம் சார்."

பார்க்கலாம், பார்க்கலாம் என்றே மாதங்கள் ஓடின. இதற்குள் கம்பெனி அருணை அமெரிக்கா போகச் சொல்லிவிட்டது. ஆடி மாதக் கடைசியில் விமானம். போன ஞாயிற்றுக்கிழமையோடு ஆனி முடிகிறது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். ஆவணியில் பேசலாம் என்றால் பையன் இங்கே இருக்க மாட்டான். பிறகு யார் கண்டது?

பையனின் அம்மா பத்மா அம்மாதான் வழி சொன்னார். "எங்க குலதெய்வத்துகிட்ட பூ கேட்டுடலாம்." கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில். சாமி மேல் பூவை ஒட்டவைத்துவிட்டு, மனதில் கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். வலது பக்கப் பூ விழுந்தால் சம்மதம். உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். பெரியவர்கள் மட்டும்தான் போவது வழக்கமாம். 'என் ஜீப்லயே போயிடலாம் சார்' என்றேன். வேறு யார் வண்டியில் போவது?

சனிக்கிழமை ராத்திரி கவிதா தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் கம்மியா பேசுறியாப்பா?"

நான் எப்போது அதிகமாகப் பேசினேன்? ஆனாலும் பெண் முகத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டினேன்.

இங்கே ஸ்டெப்னியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜீப்புக்கு ஸ்டெப்னி எங்கே தொங்கும்? பின்கதவில். டிராஃபிக்கில் நமக்குப் பின்னால் வருகிறவன் கண்ணுக்கு அதுதானே நம் முகம்? என்னுடைய பழைய ஸ்டெப்னி வழுக்கைத் தலை மாதிரி தேய்ந்து கிடந்தது. சிவாஜி நகர் குஜரிச் சந்தையில் ஒருநாள் பழைய இரும்பு பார்க்கப் போனபோது ஒரு டயர் கண்ணில் பட்டது. என்ன டயர்! கட்டை கட்டையாகப் பட்டன்கள். என் வண்டி டயரைவிட ஒரு சுற்றுப் பெரிது. "லேலோ சேட், ஷேர் ஜைசா ஹை" என்றார் கடைக்கார பாய். சிங்கம் மாதிரி இருக்கிறதாம். என் ரிம்மில் உட்காருமா என்று கேட்டேன். உட்கார்ந்தது. போதாதா? வாங்கி மாட்டி, கறுப்பு பாலிஷ் போட்டேன். அன்றிலிருந்து பின்னால் வருகிற எந்த வண்டியும் என்னிடம் ஹாரன் அடிப்பதில்லை.

ஞாயிறு காலை கிளம்பினோம். முன்னால் நானும் வரதராஜன் சாரும். பின்னால் பத்மா அம்மாவும் என் மனைவி ராஜம்மாவும், மடியில் பூத்தட்டோடு. லேசான தூறல். பனசங்கரி தாண்டுவதற்குள் பெண்கள் இரண்டு பேரும் முகூர்த்தப் புடவைக்கு நிறம் முடிவு செய்துவிட்டார்கள். முன் சீட்டில் மட்டும் மௌனம். பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பாதி வழியில் 'புஸ்'. பின்பக்கம் இடது டயர் பஞ்சர். ஆணி!

வாக்கு அத்தோடு முடிந்தது. பஞ்சர் என்றால் பேசாமல் எப்படி?

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். அஞ்சே நிமிஷம். நான் லாரிக்கே டயர் மாத்தினவன்!" ஜாக்கி போட்டேன், நட்டுகளைக் கழற்றினேன், சிங்கத்தைப் பின்கதவிலிருந்து இறக்கினேன். வரதராஜன் சார் குடை பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"சார், இந்த டயர் கொஞ்சம்..."

"பெருசா இருக்குதா? அதான் சார் கெத்து!"

மாட்டி இறக்கினேன். ஜீப் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ரவுடி மாதிரி நின்றது.

"ஏங்க, வண்டி சாயுதே?" என்றாள் ராஜம்மா.

"ரோடு சாயுது."

கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் மெயின் ரோட்டை விட்டு மண் ரோட்டில் திரும்ப வேண்டும். மழையில் அது ரோடாகவே இல்லை. களி கிண்டிவைத்த அண்டா. ஒரு வெள்ளைக் கார் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த குடும்பம் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நான் எதற்கு ஃபோர் வீல் வைத்திருக்கிறேன்? அதற்கென்று இருக்கிற சின்ன லிவரைப் பிடித்து ஒரு இழு. நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொண்டது.

"சார், ஃபோர் வீல்ல போடறதுக்கு முன்னாடி..."

"பாருங்க சார் இப்ப!"

ஏறினோம். அந்த வெள்ளைக் காரைத் தாண்டும்போது ஹாரன் வேறு அடித்தேன். பத்மா அம்மா கை தட்டினார். வரதராஜன் சார் மட்டும் முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயப்படுகிறார் என்று நினைத்தேன். பாவம், ஆபீஸ் மனிதர்!

சேறு முடிந்தது. கிராமத்துக்குப் புதிதாகப் போட்ட சிமென்ட் ரோடு வந்தது. தூறலும் நின்று ரோடு காய்ந்திருந்தது. ஃபோர் வீலை எடுத்துவிடலாம் என்று லிவரைத் தள்ளினேன்.

வரவில்லை.

இன்னும் பலமாகத் தள்ளினேன். ம்ஹும்... ஆணி அடித்த மாதிரி நின்றது. ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகக் கனத்தது. டயர்கள் 'கீச் கீச்' என்று அழ ஆரம்பித்தன. அடியில் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம்.

"என்னங்க சத்தம்?"

"ஃபோர் வீல்லயே கோயிலுக்குப் போறது ஒரு மரியாதை, ராஜம்மா."

வரதராஜன் சார் தொண்டையைக் கனைத்தார். "சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்லவே வேணாம் சார். வந்துட்டோம்!"

கோயில் கோபுரம் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு வளைவு, ஒரு சின்ன மேடு. மேட்டுப் பாதியில் வண்டி முக்கியது, முனகியது, நின்றது. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கயிற்றில் கட்டிப்போட்ட மாடு மாதிரி ஒரு அடி குதித்து மறுபடி நின்றது. கிளட்ச் தீய்ந்த வாசனை. பெண்கள் இறங்கிவிட்டார்கள். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. உச்சிப் பூஜை!

ஒரு கிராமத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏன் சாமி, காடி கெட்டோய்த்தா?"

என் வண்டி கெட்டுப்போயிற்றா என்று கேட்கிறார்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ... சீட்டுக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்தேன். லிவரைப் பார்த்து ஓங்கினேன்.

"யோவ்! நிறுத்துய்யா!"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யார் குரல்?

வரதராஜன் சார். முகம் சிவந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி. "அடிச்சேன்னா கியர் பாக்ஸே போயிடும்! சுத்தியலைக் கீழ போடு முதல்ல!"

போட்டேன். அவர் சொன்னதற்காக இல்லை. அதிர்ச்சியில் தானாக விழுந்தது.

பத்மா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "என்னங்க இது? பொண்ணு வீட்டுக்காரரைப் போய்..." ராஜம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து என்னை யாரும் யோவ் என்று கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. இந்த மனுஷன் இப்போது என்ன செய்யப்போகிறாரோ என்ற பயம் அவள் முகத்தில். அவள் கண்ணில் கவிதா தெரிந்தாள்.

நான் மெதுவாகக் கேட்டேன். "என்ன பண்ணணும் சார்?"

"ரிவர்ஸ் எடுங்க."

"பின்னாலயா? கோயில் முன்னால இருக்குது!"

"ரிவர்ஸ்!"

என் சைட்டில் என் வாய்தான் சட்டம். கொத்தனார் முதல் வீட்டுச் சொந்தக்காரர் வரை அதுதான் பழக்கம். இன்னொருவர் கை காட்ட நான் வண்டி ஓட்டியதே கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார். "வா... வா... ஸ்டீயரிங்கை நேரா வை... நேரான்னா நேரா! இன்னும் வா..." நான் போனேன். மேட்டில் கஷ்டப்பட்டு ஏறிய அவ்வளவு தூரமும் பின்னால் இறங்கினேன். 'டக்' என்று அடியில் ஒரு சத்தம். "இப்ப தள்ளு லிவரை!" பழுத்த மாம்பழம் காம்பை விட்டு வருகிற மாதிரி வந்தது!

இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வேட்டியெல்லாம் டயரிலிருந்து தெறித்த சேறு. யோவ் போய், மறுபடி சார் வந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார். வாய் தவறிடுச்சு" என்றார்.

"அதை விடுங்க. என்ன ஆச்சு வண்டிக்கு?"

"ஃபோர் வீல்ல போட்டா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கணக்குல சுத்தணும். உங்க பின் டயர் ஒண்ணு பெருசு. கணக்கு ஒத்து வராது. சேத்துல வழுக்கி வழுக்கி அந்த வித்தியாசம் கழிஞ்சு போயிடும், தெரியாது. காஞ்ச ரோட்டுல வழுக்க முடியாதே? ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கும். லிவரும் இறுகிடும். பின்னால போனா அந்த இறுக்கம் பிரியும். டேம் சைட்டுக்கெல்லாம் இலாகா ஜீப்புலதானே போவோம்... ஒரு தடவை இதே மாதிரி நின்னிருக்கேன்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?"

"நீங்க விட்டாத்தானே!"

பெண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. என் தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளையோட அப்பா சாம்பார்ல உப்புலேர்ந்து பந்தக் கயிறு வரைக்கும் குறை சொன்னார். எங்கப்பா பந்தி பந்தியாப் போய்க் கை கட்டி நின்னார். நான் பையனைப் பெத்தா, பொண்ணு வீட்டுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்னு அன்னிக்கே நினைச்சேன். அதான்... டயரைக்கூட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் பெண் வீட்டுக்காரனிடம் குறை சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நான் பையன் வீட்டார் முன்னால் ஒரு குறையும் தெரியக்கூடாது என்று வாயைத் திறந்துகொண்டே இருக்கிறேன். இரண்டு பேரின் மரியாதையும் சேர்ந்து ஒரு கியர் பாக்ஸைக் கொன்றிருக்கும்!

அவர் வண்டியில் ஏறவில்லை. மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு, "சார், அந்த மேல் மாடி..." என்றார்.

இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை. நம்புங்கள்.

"எங்களுக்கு இவன் ஒரே பையன். பென்ஷன் குடும்பம். நீங்க மார்பிள் போட்டு மாடி எழுப்பி அவனைத் தூக்கி அங்க வெச்சுட்டா, நாங்க அந்த மாடிப்படி ஏறி விருந்தாளி மாதிரி வரணும். வேணாம்னு சொல்லலாம். சொன்னா நீங்க கேப்பீங்களான்னு பயம். அதான் தள்ளிக்கிட்டே வந்தேன்."

பத்மா அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இதற்குத்தானா அத்தனை பார்க்கலாமும்? நான் அன்பு என்று நினைத்துக் கொட்டிய சிமென்ட், அவர் மார்பு மேல் ஏற்றிய பாரமாக இருந்திருக்கிறது.

"மாடி வேணாம் சார். பசங்க மல்லேஸ்வரத்துல இருக்கட்டும், இல்ல வாடகைக்கு எங்கயாவது இருக்கட்டும். அவங்க இஷ்டம்" என்றேன்.

"குதிரை?"

"...குதிரையும் வேணாம்." இதைச் சொல்லத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஃபோர் வீல் இல்லாமலே மேடு ஏறியது ஜீப். சிங்கம் டயர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே வந்தது, இழுபறி இல்லை. ஓட்டிக்கொண்டே யோசித்தேன். கஷ்டம் என்கிற சேற்றில் பெரிய சக்கரமும் சின்னச் சக்கரமும் சேர்ந்தே ஓடிவிடும். அங்கே யாருக்கும் அளவு பார்க்க நேரம் இல்லை. நானும் ராஜம்மாவும் ஓட்டு வீட்டில் இருந்த காலத்தில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. மார்பிள் போட்ட பிறகுதான் எந்த ரூமில் எந்த ஃபேன் என்று சண்டை. ரோடு நன்றாக இருக்கும்போதுதானே அளவு வித்தியாசம் இழுத்துப் பிடிக்கிறது?

கோயிலுக்குப் போனோம். நடை சாத்தியிருந்தது.

பூசாரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். "பாகிலு ஹாக்கிதே சாமி. நாளே பன்னி" என்றார். கதவைச் சாத்தியாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்கிறார். நாளைக்கு எங்களுக்கு ஆடி ஒன்று!

ராஜம்மா பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்பு யாருடையது? என் டயர், என் சுத்தியல், என் வாய். பூசாரியிடம் கெஞ்சலாமா என்று திரும்பினேன்.

வரதராஜன் சார் சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "பத்மா, அந்தத் தட்டுலேர்ந்து பூவை எடுத்துச் சம்பந்தியம்மா கையில குடு. சாயந்திரம் நாமளே போய்க் கவிதா தலையில வெச்சுட்டு வந்துடலாம். இன்னும் ஆனிதானே?"

"சாமியைக் கேக்கலையேங்க?"

"இவ்வளவு நேரமா அந்த மேட்டுல நின்னு அவ்வளவு சத்தம் போட்டோமே, கேட்டிருக்காதா?"

ராஜம்மா அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கண்ணில் தூசி... அந்த ஊர் சிமென்ட் ரோடு புதிது இல்லையா?

சாயந்திரம் வந்தார்கள். பூ வைத்தார்கள். கவிதா அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அதெல்லாம் சரி. திங்கட்கிழமை காலையிலிருந்து என் வீட்டு டெலிபோன் ஓயவில்லை. ரேஷனில் பேசிய மனிதரா இவர்? நான் பார்த்துவைத்த மண்டபத்தில் படி உயரம் அதிகமாம். சமையல்காரர் காபியில் சிக்கரி தூக்கலாம். என் ஜீப்பின் வைப்பர் மோசமாம். நேற்று இந்தப் பத்தியைப் போனிலேயே படித்துக் காட்டினேன். சேற்று ரோட்டின் நீளத்தைக் கூட்டிச் சொல்கிறேனாம்.

பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "பொண்ணு வீட்டுல குறையே சொல்ல மாட்டேன்னீங்களே சம்பந்தி?"

"உங்க பொண்ணை, உங்க சம்சாரத்தை ஒரு வார்த்தை சொன்னேனா? உங்களைத்தான்யா சொல்றேன். சொல்லாம விட்டா வண்டி தாங்காது."